இடைநிறுத்தமும் மறுபரிசீலனையும்

தொழில்நுட்ப ஆராய்ச்சித் துறையில் இடம் கிடையாதோர்க்கு உதவுவதற்கென ஐக்கிய அமெரிக்காவில் அமைந்த இலாப நோக்கற்ற ஸ்தாபனங்களிடமிருந்து இப்பொழுது ஒருவகை அறிவித்தலைக் கேட்கின்றோம். தமது திட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாகவும், இதுவரை உதவி வந்த முறை சரியானதுதானா என்பதை மறுபரிசீலனை செய்யப் போவதாகவும் அது கூறும். நடை பணிவானது, நன்றி கூறுதல் தாராளமாக இருக்கும். இவ்வகை அறிவித்தலை எவ்வாறு வாசிப்பது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. ஒரு நாவலை விமர்சிப்பது போலவே ஒரு ஸ்தாபனத்தின் சொல்லையும் விமர்சிக்கலாம். அச்சொல்லின் பின்னால் நிற்கும் சமூக உறவுகளைக் காண்பதே இரண்டிடத்தும் விமர்சகனின் வேலை என நாம் கருதுகின்றோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். மூடுதல் வேறு, நின்று யோசித்தல் வேறு. 2011 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, பல நாடுகளிற் கிளை பரப்பி, மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர் தம்மிடம் உண்டு எனக் கூறிவந்த 'விமன் ஹூ கோட்' என்னும் பெண் நிரலாளர் ஸ்தாபனம், 2024 ஏப்ரலில் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. நிதி வரும் வழிகள் குன்றியமையே காரணம் என்றது. 2007 இல் தோன்றிய 'கேர்ள்ஸ் இன் டெக்' அதே ஆண்டு யூலையில் மூடப்பட்டது. இவை யோசிப்பதற்காக நின்றவை அல்ல, கிணறு வற்றியதால் நின்றவை. கையிற் சிறிது நிதி இருக்கும்போதே, செய்வது பயன்தருகின்றதா என நின்று கேட்கும் ஸ்தாபனத்தை நாம் எடுத்த எடுப்பிலேயே பழித்தல் கூடாது. பயிற்சி பெற்றோர் தொகையை ஆண்டறிக்கையிற் கூட்டிக் காட்டிக்கொண்டு பழைய தடத்தில் உருளுவதிலும் அது மேலானது. ஆயின், அந்த யோசனை எங்கிருந்து தொடங்குகின்றது, யார் கூடியிருந்து யோசிக்கின்றனர், யோசனை முடியும்வரை செலவைச் சுமப்பவர் யார் என்பவற்றைக் கேட்காமல் விடுவதும் கூடாது.

'பிரதிநிதித்துவம் குறைந்தோர்' என்பது இத்துறையில் நிலைபெற்றுவிட்ட ஒரு தொடர். இத்தொடரில் ஒரு தந்திரம் உண்டு. குறைந்தவர் அதில் இருக்கின்றார், குறைத்தவர் இல்லை. ஏதோ பருவமழை பொய்த்தமையால் விளைச்சல் குறைந்தது போன்ற ஓர் எண்ணத்தை அது தருகின்றது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1946 இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் கணினிக்கு நிரல் அமைத்தோர் ஆறு பெண்கள். பொறியைக் கட்டுவதே அறிவு வேலை, அதற்கு நிரல் அமைப்பது ஏறக்குறைய எழுதுவினைஞர் வேலை என அந்நாளில் மேலிடத்தார் நினைத்தமையாலேயே அப்பெண்களுக்கு அவ்வேலை கிடைத்தது எனலாம். அதே வேலை பிற்காலத்தில் ஊதியமும் மதிப்பும் பெற்றபோது கதை மாறிற்று. எண்பதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவிற் கணினி விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டம் பெற்றோரில் ஏறத்தாழ 37 சதவீதத்தினர் பெண்கள். 2010 அளவில் அது 18 சதவீதம் ஆயிற்று. வைத்தியத் துறையிலும் சட்டத் துறையிலும் பெண்களின் தொகை ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளிலேதான் இது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்குக் காரணம் கூறுவோர் பலவற்றைச் சுட்டுவர். வீட்டுக்கு வந்த சிறு கணினியைச் சிறுவர்க்கான விளையாட்டுப் பொருளாக, அதிலும் ஆண் பிள்ளைக்கான பொருளாக, விளம்பரம் செய்து விற்றமை ஒன்று. மாணவர் தொகை பெருகி ஆசிரியர் தொகை போதாது போனபோது, பல்கலைக் கழகங்கள் ஆசிரியரைக் கூட்டாமல் வாயிலை ஒடுக்கியமை மற்றொன்று. வாயில் ஒடுங்கும்போது, முன்னரே வீட்டிற் கணினியோடு பழகியவன் உள்ளே போவான். பழகாதவர் வெளியே நிற்பர். இஃது இயற்கையன்று. விற்பனை செய்தோரும், பணம் ஒதுக்காதோரும், விதி வகுத்தோரும் இங்கு இருக்கின்றனர். மறுபரிசீலனை செய்யப் புறப்படும் ஸ்தாபனம், குறைந்தவர்க்கு என்ன கொடுக்கலாம் என்னும் கேள்வியோடு மாத்திரம் அமர்ந்தால், குறைத்தவர் மேசையில் விருந்தினராக அமர்ந்திருப்பதை அது காணாமலே எழுந்து போகும்.

இத்தகைய ஸ்தாபனங்களின் தோற்றம் கொடையாளர் மண்டபத்தில் அன்று, தோழமையில் நிகழ்ந்தது என்பதையும் மறந்துவிடல் ஆகாது. 1987 இல் அனிற்றா போர்க் என்னும் கணினி ஆராய்ச்சியாளர் தம் துறையிலுள்ள பெண்கள் தமக்குள் மடல் பரிமாறிக்கொள்ள 'சிஸ்ரேர்ஸ்' என்ற சிறு கூட்டத்தை அமைத்தார். 1994 இல் அவரும் டெலி விற்னியும் கிறேஸ் ஹொப்பரின் பெயரால் வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டியபோது வந்தோர் சில நூறு பேரே. போர்க் 2003 இல் மறைந்தார். மாநாடு வளர்ந்து, பெரிய கம்பனிகள் கடை விரித்து ஆள் தேடும் சந்தையாக விரிந்தது. 2023 இல் ஓர்லாண்டோவில் அது கூடியபோது, வேலை தேடி ஆண்களும் பெருமளவில் வந்து வரிசையில் இடம்பிடித்தனர். நடத்தியோர் வருத்தப்பட்டனர். அவ்வாண்டு சனவரியிற் கூகிள் கம்பனி மாத்திரமே 12,000 பேரை நீக்குவதாக அறிவித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். வரிசையில் முண்டியவரை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் பெண்களுக்கென எடுத்த மண்டபம் வேலையற்றோர் நெருக்கடிக் களமாக மாறியமைக்கு அவர்களின் ஒழுக்கக்கேடு மாத்திரம் காரணமன்று. தோழமையின் இடத்தை வேலைச் சந்தை பிடித்துக்கொண்ட நாளே அதற்கு விதை விழுந்துவிட்டது.

இனிப் பணத்தின் கதைக்கு வருவோம். கட்டற்ற மென்பொருள் உலகில் க்னோம் என்பது ஒரு பழைய கூட்டு முயற்சி. 2006 இல், மாணவர்க்குக் கூகிள் கம்பனி கோடைகால ஊதியம் வழங்கும் திட்டத்தின் கீழ் க்னோமுக்கு வந்த விண்ணப்பங்கள் 181. அவற்றில் ஒரு பெண்ணின் விண்ணப்பமும் இருக்கவில்லை. உடனே பெண்களுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். ஆறு பேருக்குத் தலைக்கு 3,000 டொலர் கொடுத்து வேலை கற்பித்தார்கள். அழைத்தால் வருவார்கள் என்பது அன்றே தெளிவாயிற்று. பின்னர் அத்திட்டம் வளர்ந்து, பல மென்பொருட் குழுக்களுக்குமாகப் பயிற்சியாளரைச் சேர்க்கலாயிற்று. பயிற்சியாளர்க்குரிய பணத்தைக் க்னோம் நிதியம் முன்கூட்டிக் கொடுத்தது. ஆதரவாளராகிய கம்பனிகள் தாம் ஒப்புக்கொண்ட பணத்தை ஆறுதலாக அனுப்பின. விளைவு, 2014 ஏப்ரலில் நிதியத்தின் கையிருப்புத் தீர்ந்து, அத்தியாவசியமற்ற செலவுகள் யாவும் நிறுத்தப்பட்டன. பெண்களுக்கு உதவப் போனதால் ஸ்தாபனமே முறிந்தது எனச் சிலர் அப்பொழுது கேலி பேசினர். உண்மையில் முறித்தது உதவியன்று, பிந்தி வந்த காசோலை. பணம் மிகுந்த கம்பனிகள் சிறியதொரு நிதியத்திடம் கடன் வாங்கி, மாணவர்க்கு உதவிய பெயரைத் தாம் எடுத்துக்கொண்டன என்று கூறினால் அது மிகையாகாது. திட்டம் அழியவில்லை, 2015 இல் வேறொரு தாய் ஸ்தாபனத்தின் கீழ் 'அவுற்றீச்சி' என்ற பெயரோடு தொடர்ந்தது. அதனை நடத்தியோர் நோக்கத்தை விடாமற் கணக்கு முறையை மறுபரிசீலனை செய்தார்கள். மறுபரிசீலனை என்ற சொல்லுக்கு நாம் காணக்கூடிய நல்ல உதாரணங்களில் இது ஒன்று.

நிறுத்துபவருக்கும் நிறுத்தப்படுபவருக்கும் காலம் ஒரே அளவினதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்தாபனத்துக்கு ஆறு மாதம் என்பது இரண்டு நிர்வாகக் கூட்டம். அமெரிக்கப் பல்கலைக் கழகங்களிற் கலாநிதிப் பட்டத்துக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசெம்பரில் முடிவடையும். அதனைத் தவறவிட்டால் அடுத்த டிசெம்பர்தான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 75 டொலரோ 100 டொலரோ அதற்கு மேலோ கட்டணம் உண்டு. மொழித் தேர்வுக்குத் தனிக் கட்டணம். ஆறேழு இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாணவிக்கு, தந்தையின் பல மாத ஊதியம் கரைந்துவிடும். 'பிளாக் இன் ஏ.ஐ.' போன்ற அமைப்புகள் நடத்திய வழிகாட்டல் திட்டங்கள், விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்கவும், கட்டணத்துக்கு உதவவும், யாரிடம் என்ன கேட்பது எனச் சொல்லிக் கொடுக்கவும் முன்வந்தன. பேராசிரியர் குடும்பத்துப் பிள்ளைக்கு உணவு மேசையிற் கிடைக்கும் அறிவு இது. மற்றவர்க்கு இதனை யாரேனும் ஒருவர் திட்டமிட்டுக் கொடுத்தாக வேண்டும். ஒக்டோபரில் நிறுத்தப்படும் அத்தகைய திட்டம் மார்ச்சில் மீண்டும் திறந்தாலும் அந்த மாணவிக்கு ஓராண்டு போயிற்று. திருமணப் பேச்சும் வீட்டுக் கடனும் காத்திருக்கும் வயதில் ஓராண்டு என்பது சில வேளை முழுத் துறையுமாகும்.

அவ்வமைப்பின் வரலாறே நமக்குப் பல பாடங்களைத் தரவல்லது. எதியோப்பியாவிற் பிறந்து அமெரிக்காவிற் கற்ற திம்னித் கெப்ரு, 2016 இற் பார்சிலோனாவில் நடைபெற்ற நரம்பு வலையமைப்பு மாநாட்டுக்குச் சென்றார். ஆயிரக்கணக்கானோர் கூடிய அவ்விடத்தில் தாம் கண்ட கறுப்பினத்தவர் ஆறு பேரே என்று பின்னர் கூறினார். 2017 இல் அவரும் ரெடியட் அபெபேயும் 'பிளாக் இன் ஏ.ஐ.' என்ற அமைப்பைத் தொடங்கினர். 2018 இல் மொன்றியலில் அதன் கருத்தரங்கு கூடியபோது, ஆபிரிக்க ஆராய்ச்சியாளர் பலருக்குக் கனடா வீசா மறுத்தது. அடுத்த ஆண்டு வன்கூவரிலும் அதே கதை. கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது, பயணச் செலவுக்கு உதவி இருந்தது, மண்டபத்தில் நாற்காலியும் இருந்தது. கடவுச்சீட்டின் நிறம் மாத்திரம் சரியில்லை. (இலங்கைக் கடவுச்சீட்டோடு தூதரக வரிசையில் நின்ற நம் ஆசிரிய நண்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) பயண உதவி என்ற திட்டம் எத்துணை நல்லதாயினும், எல்லைச் சாவடியில் அதன் எல்லை முடிகின்றது. இதற்கு விடையாக மாநாட்டையே ஆபிரிக்காவுக்குக் கொண்டு போவது என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஐ.சி.எல்.ஆர். மாநாடு 2020 இல் அடிஸ் அபாபாவிற் கூட இருந்தது. கொள்ளை நோயால் மண்டபம் இன்றி நடந்தது. 2023 இல் அது கிகாலியிற் கூடியது.

2018 இல் ஜோய் புவலம்வினியும் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா எனக் கூறும் மூன்று வணிகப் பொறிகளைச் சோதித்தது. வெண்ணிற ஆண்களிடத்தில் மிகக் கூடிய பிழை 0.8 சதவீதம்; கருநிறப் பெண்களிடத்தில் அது 34.7 சதவீதம் வரை சென்றது. மைக்ரோசொப்ற், ஐ.பி.எம். ஆகியவற்றின் பொறிகளும் அவற்றுள் அடங்கும். வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே வந்தால் என்ன கேள்வி கேட்பார் என்பதற்கு இது சான்று. அக்கேள்வியை உள்ளிருந்தோர் எவரும் அதுவரை அவ்வாறு அளந்து கேட்கவில்லை. அதே கெப்ரு, கூகிளின் அறவியற் குழுவுக்கு இணைத் தலைவியாக இருந்துகொண்டு, பேரளவு மொழி மாதிரிகளின் தீங்குகள் பற்றி வேறு சிலரோடு ஒரு கட்டுரை எழுதினார். அதனை மீளப் பெறும்படி கம்பனி வற்புறுத்தியது. 2020 டிசெம்பரில் அவர் வெளியேற்றப்பட்டார். தாமே விலகினார் என்பது கம்பனியின் கூற்று. நீக்கப்பட்டேன் என்பது அவர் கூற்று. 2021 பெப்ருவரியில் அவரோடு அக்குழுவை நடத்திய மார்கரெட் மிற்செலும் நீக்கப்பட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததையே நாம் இங்கு முதன்மையாகக் குறிக்க விரும்புகின்றோம். 2021 மே மாதத்தில் 'பிளாக் இன் ஏ.ஐ.', 'குயியர் இன் ஏ.ஐ.', 'வைடனிங் என்.எல்.பி.' ஆகிய மூன்று அமைப்புகளும் இனிக் கூகிளின் ஆதரவுப் பணத்தை ஏற்பதில்லை என அறிவித்தன. இவை செல்வம் மிகுந்தவை அல்ல. மாணவர்க்குப் பயணப் பணம் திரட்டத் திண்டாடியவை. கொடுப்பவர் நிறுத்துவதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெறுபவர் நிறுத்தியமை புதுமையாகத் தோன்றிற்று. இதுவும் ஓர் இடைநிறுத்தமே. ஆயின் இங்கே யோசித்தோர் யார், செலவைச் சுமந்தோர் யார் என்று கேட்டால் இரண்டுக்கும் விடை ஒன்று. அறிவித்தல்களை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டுமாயின் அதனை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய நெருக்கடி வேறு திசையிலிருந்தும் வருகின்றது. 2023 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பல்கலைக் கழக அனுமதியில் இனத்தைக் கருதுவதற்குத் தடை விதித்தது. 2025 சனவரியிற் புதிய அரசாங்கம், பன்மையையும் சமத்துவத்தையும் பேணும் அரச திட்டங்களை ஒழிக்கும்படி ஆணை பிறப்பித்தது. மெற்றா கம்பனி அம்மாதமே தன் பன்மைத் திட்டங்களைக் கைவிட்டது. கூகிள் பெப்ருவரியில் தன் ஆட்சேர்ப்பு இலக்குகளைக் கைவிட்டது. ஏப்ரலில் தேசிய விஞ்ஞான மன்றம் ஏற்கனவே வழங்கிய ஆராய்ச்சி நிதிகள் நூற்றுக்கணக்கில் நடுவழியில் வெட்டப்பட்டன. இத்தகைய காலத்தில் மறுபரிசீலனை என்ற சொல்லுக்கு இரு பொருள் ஏற்படுவது தவிர்க்க இயலாதது. ஒன்று உண்மையில் யோசிப்பது. மற்றொன்று, அச்சத்தாற் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, எல்லோருக்கும் வாய்ப்பு என்ற பொதுச் சொல்லை மாட்டுவது. வழக்குக்கு அஞ்சும் சிறு ஸ்தாபனத்தின் நிலையை நாம் உணராமலில்லை. ஆயின், அஞ்சினோம் என்று சொல்லி நிறுத்துவது நேர்மை. அச்சத்துக்கு யோசனை எனப் பெயரிடுவது அன்று.

நம் நண்பர் சிலர் வேறொரு வாதம் செய்வர். இவையெல்லாம் ஏகபோகக் கம்பனிகளின் முகப்பூச்சு. கறுப்பினத்தவர் நால்வரையும் பெண்கள் நால்வரையும் வாயிலில் நிறுத்திப் படம் பிடிப்பதற்கான ஏற்பாடு. கலைந்து போனால் தொழிலாள வர்க்கத்துக்கு நட்டமென்ன என்பர். இதிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை, விண்ணப்பக் கட்டணம் கட்டப் பணமின்றி நிற்பவர்தான் சொல்ல வேண்டும். வகுப்புக்குள் வந்தவரே வகுப்பறையின் விதியைக் கேள்வி கேட்டார் என்பதற்கு மேலே கண்ட ஆய்வு சான்று பகரும். கொடையின் நோக்கம் அழுக்கானது என்பதனாற் பெற்றவரின் அறிவு அழுக்காகிவிடாது. இந்த நண்பர்கள் பெரும்பாலும் இலவசமாகப் படித்துத் தேறியவர்கள் என்பதையும் சற்றே நினைவூட்ட விரும்புகின்றோம்.

வேறு வழி உண்டா எனில், முழுமையான வழி எங்கும் இல்லை. கெப்ரு 2021 டிசெம்பரில் தொடங்கிய சுயாதீன ஆராய்ச்சி நிலையம் கம்பனிகளை விட்டு விலகியதாயினும் மக்ஆர்தர், ஃபோர்ட் முதலிய நிதியங்களின் பணத்திலேயே எழுந்தது. ஃபோர்ட் நிதியம் எந்தத் தொழிற்சாலையில் விளைந்தது என்பதை வாசகர் அறிவர். ஆபிரிக்க ஆராய்ச்சியாளர் தாமே கூடி 2017 இல் ஜோகன்னஸ்பேர்க்கிற் தொடங்கிய 'டீப் லேர்னிங் இண்டாபா' ஸ்ரெலென்பொஸ், நைரோபி, தூனிஸ், அக்ரா, டாக்கார், கிகாலி என ஊர் ஊராகச் சென்றது. அதற்கும் கூகிளும் மைக்ரோசொப்ற்றும் பணம் கொடுத்ததுண்டு. ஆயினும் எவரை அழைப்பது, எதைக் கற்பிப்பது என்பதை அங்குள்ளோர் தீர்மானித்தனர். அவ்வியக்கத்தின் சூழலில் 2019 இல் 'மசக்கானே' தோன்றியது; சூலு மொழியில் அதன் பொருள் சேர்ந்து கட்டுவோம் என்பது. ஆபிரிக்க மொழிகளுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு அமைக்க வந்தோரிற் பட்டதாரிகளோடு மொழிபெயர்ப்பாளரும், முறையான பயிற்சி இல்லாத மொழி ஆர்வலரும் இருந்தனர். 2020 இல் அவர்கள் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் ஆசிரியராக இடம்பெற்றன. அங்கே மொழி பேசுவோன் தரவு கொடுப்பவன் மாத்திரமல்லன், ஆய்வின் ஆசிரியனும் ஆவான். தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொறி செய்ய முயலும் நம் பல்கலைக் கழகத்தார் இந்த ஒரு பக்கத்தையேனும் ஆறுதலாகப் படித்தல் நன்று.

ஆகவே திட்டங்களை நிறுத்தி யோசிக்கும் ஸ்தாபனத்திடம் நாம் கேட்பவை மிக எளிமையானவை. ஒப்புக்கொண்ட உதவிப் பணத்தை நிறுத்தற் காலத்திலும் கொடுத்து முடிக்க வேண்டும். சிபாரிசுக் கடிதம் எழுத உடன்பட்ட வழிகாட்டிகள், திட்டம் இல்லாவிடினும் அக்கடிதத்தை எழுத வேண்டும். மீண்டும் திறக்கும் மாதத்தையும், திறக்காவிடின் மிஞ்சிய நிதி எங்கே போகும் என்பதையும் அறிவித்தலிலேயே எழுத வேண்டும். மறுபரிசீலனைக் குழுவிற் கொடையாளருக்கு எத்தனை நாற்காலியோ, உதவி பெற்று வெளியேறியோர்க்கும், விண்ணப்பித்து இடம் கிடையாது போனோர்க்கும் அதனிற் குறையாத நாற்காலி இருக்க வேண்டும். பின்னவர்களின் முகவரிகள் ஸ்தாபனத்தின் பழைய விண்ணப்பக் கோப்புகளிலேயே கிடக்கின்றன.